ஐந்தாவது டப்பா

ராத்திரி பதினொன்றே கால். மழை விட்டும் விடாத நேரம். மலைப் பாதையில் ஒரே ஒரு ஜீப்... அதற்கு முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை.

பொறுங்கள். ஆரம்பிக்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பாதியில் துணைக்கு வா என்று யாராவது என் கையைப் பிடித்து இழுத்தால் நான் வரமாட்டேன். அந்தக் கதவையும் சாத்துங்கள், காற்று வருகிறது.

இது என் சிநேகிதன் ஒருவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவன் அவரை அத்தான், அத்தான் என்று சொல்லிச் சொல்லி, எங்கள் செட்டில் எல்லோருக்குமே அவர் அத்தானாகிவிட்டார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, புலம்பல். காலையில் எழுந்ததும் செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்தால் அதற்கு ஒரு புலம்பல். காபி ஆறிவிட்டால் ஒரு புலம்பல், சூடாக இருந்து நாக்கைச் சுட்டுவிட்டால் இன்னொரு புலம்பல். வாய்தான் ஓயாதே தவிர, கை வேலையை விடாது. அவர் புலம்பலை நிறுத்தினால்தான் தனக்குப் பயம் என்று அக்காவே சொல்வாள்.

இப்போது அவர் கதவுக் கீலும் தாழ்ப்பாளும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடையில் ரேடியோ கிடையாது. வீட்டிலும் கிடையாது. இத்தனைக்கும் இது நடந்தபோது அவருக்குச் சோறு போட்டதே ரேடியோதான், அரசாங்க ரேடியோக்களைப் பழுது பார்க்கிற வேலை.

அந்த மலை உச்சியில் ஒரு டவர், அதன் காலடியில் ஒரு சிமென்ட் அறை. அறைக்குள் ரிப்பீட்டர்கள். ரிப்பீட்டர் என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கீழே ஆம்புலன்ஸ் டிரைவர் மைக்கில் பேசுவது மலைக்கு அந்தப் பக்கம் கேட்காது. உச்சியில் இருக்கிற பெட்டி அதைப் பிடித்து, அதே குரலில், உரக்கத் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அங்கே அப்படி நான்கு பெட்டிகள். ஆம்புலன்ஸுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. நான்கு பேருக்கும் தனித்தனியாக ஆன்டெனா வைக்க டவரில் இடமில்லை. இடம் இருந்திருந்தாலும் வைத்திருக்கமாட்டார்கள், அது வேறு விஷயம். ஆகவே ஒரே ஆன்டெனா. நால்வரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் நான்கு குடும்பம் இருந்து, குளியலறை மட்டும் ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கேயும். ஒருவர் மேல் ஒருவர் விழாமல் இருப்பதற்காக ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு, தூண் மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாத உலோக டப்பா. உச்சியில் ஒரு திருகு. அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரியான இடத்தில் நிறுத்தினால், அந்த டப்பா தன் பெட்டியின் குரலை மட்டும் ஆன்டெனாவுக்கு விடும். மற்றவர்கள் குரல் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எல்லா டப்பாக்களையும் அளந்து வெட்டிய கேபிளால் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். இதில் கழுத்தறுப்பு என்னவென்றால், ஒன்றைத் திருகினால் பக்கத்து டப்பா கோபித்துக்கொள்ளும். அதைச் சமாதானம் செய்தால் முதலாவது மறுபடி முறுக்கிக்கொள்ளும். நான்கையும் ஒரே நேரத்தில் சிரிக்க வைப்பதற்குள் அத்தானுக்கு நாய் படாத பாடு.

பெட்டி நான்கு என்று சொன்னேன் இல்லையா? டப்பா ஐந்து.

ஐந்தாவது, பழைய சாலை ரோந்து வண்டிகளுக்கு உரியது. ரோந்தை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம். பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனவர்கள் டப்பாவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். காரணம் உண்டு. கேபிளெல்லாம் ஐந்து டப்பாவுக்கு அளந்து வெட்டியது. ஒன்றை உருவினால் மற்ற நான்கும் தாறுமாறாகிவிடும். அத்தான் பல மாதங்களாக ஆபீஸில் சொல்லிப் பார்த்தார், அந்த வெற்று டப்பாவை எடுத்துவிட்டுக் கேபிளை மாற்றலாம் என்று. கிணற்றில் போட்ட கல்தான். கடைசியில் அதிகாரி ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐந்தாவதைத் தொடாதே.

அந்த வாரத்தில் மட்டும் அத்தான் மூன்றாவது முறையாக மலை ஏறுகிறார். மூன்று முறையும் ஒரே புகார். ஆம்புலன்ஸ் சேனல் கேட்கவில்லை... கேட்டாலும் யாரோ தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. முதல் முறை வந்து சரிசெய்தார், மறுநாளே போய்விட்டது. இரண்டாம் முறை வந்தார், அன்றைக்கு இரவே போய்விட்டது. இன்றைக்கு மழையில், ஒரு பக்க வைப்பர் உடைந்த ஜீப்பில், ஜீப்பையும் மழையையும் ஆபீஸையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியபோது, தண்ணீர் பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார். அதற்கும் ஒரு திட்டு.

அறைக் கதவைத் திறந்தார். வழக்கமான வாடை. சூடேறிய தூசி, எலி மூத்திரம், பழைய வார்னிஷ். நான்கு பெட்டிகளின் காற்றாடிகளும் ஒரே சுதியில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பையைத் திறப்பதற்குள், சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது.

அக்கா. அவளுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ராத்திரி டூட்டி. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வண்டிகளுக்கு வழி சொல்கிற வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரேடியோவுக்கு இரண்டு முனையில் உழைப்பவர்கள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அன்றைக்கு அவள் குரலில் கிண்டலுக்கு இடமில்லை.

"பாலம் போயிடுச்சுங்க" என்றாள். "நீங்க தாண்டிப் போன அரை மணி நேரத்துலயே போயிருக்கு. நடுவுல ஒரு துண்டே காணோம்."

ஊர்ப் பக்கத்துக் கரையில் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். மலை இருக்கிற அந்தப் பக்கக் கரையில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்புகிற ஆம்புலன்ஸ். அதை ஓட்டுவது சின்னவன். அத்தானின் கூடப் பிறந்த தம்பி.

சின்னவன் பாலத்துக்கு வர அரை மணியோ முக்கால் மணியோ ஆகும் என்றாள். அவனிடம் மொபைல் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் அது வெறும் விளையாட்டுச் சாமான். அவள் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவனிடமிருந்து பதில் இல்லை. அத்தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினாலும், இந்த மழையில், இந்தப் பாதையில், கீழே போய்ச் சேர ஒரு மணி நேரம். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார், எப்படிப் போட்டாலும் உதைத்தது. அவனுக்குச் சேதி சொல்ல உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வழி, அந்த ஆன்டெனா.

அத்தான் ரிசீவரை வைத்துவிட்டுப் பையை இழுத்துக்கொண்டார். அப்போதும் வாய் நிற்கவில்லை. இந்தச் சனியன் பிடித்த வேலைக்கு வந்தேனே என்று ஆரம்பித்து, எல்லாரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். டப்பாக்களையே ஒதுக்கிவிட்டு, ஆம்புலன்ஸ் பெட்டியை நேராக ஆன்டெனா கேபிளில் சொருகிவிடலாம். ஆனால் பெட்டியின் வாய் ஒரு அளவு, ஆன்டெனா கேபிளின் வாய் வேறு அளவு. இரண்டையும் சேர்க்க, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். பையில் அதற்கென்று ஒரு அறை உண்டு. அறை இருந்தது, அடாப்டர் இல்லை. போன மாதம் தீயணைப்பு ஆள் ஒருவன், இதோ நாளைக்கே தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அத்தான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஸ்பேனர், டேப்பு, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்... அடாப்டர் இல்லவே இல்லை. அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் அந்த அறையில் வைத்தே திட்டித் தீர்த்தார். கேட்க யாரும் இல்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... கேட்க அங்கே யாரும் இல்லை.

சரி, டப்பாவையே பார்ப்போம் என்று திரும்பினார். டப்பா ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு குட்டி மீட்டர் உண்டு. குரல் உள்ளே போகும்போது முள் ஏறும். அக்கா கீழே மைக்கை அழுத்தினாள். ஆம்புலன்ஸ் பெட்டிக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ் டப்பாவின் முள் எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் சோர்ந்து விழுந்தது. திருகை இடது பக்கம் மயிரிழை தள்ளினார். விழுந்தது. வலது பக்கம். விழுந்தது. மறுபடி. மறுபடி. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பெட்டியிலிருந்து சக்தி ஒழுங்காகத்தான் வெளியே வருகிறது, டப்பாவைத் தாண்டுவதற்குள் எங்கேயோ காணாமல் போகிறது. எங்கே போய்த் தொலைகிறது?

தற்செயலாகத்தான் பார்த்தார்.

ஐந்தாவது டப்பாவின் முள் ஏறியிருந்தது.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று விரலால் தட்டினார். முள் அசையவில்லை. பிறகு அதுவாக இறங்கியது... நின்றது... மறுபடி ஏறியது. டப்பாவின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுவென்று இருந்தது. ஆள் பேசப் பேசத்தான் அந்த டப்பாக்கள் சூடாகும். இதில் பேசுவதற்குப் பெட்டியே இல்லையே? டப்பாவின் பின்னால் கைவிட்டுக் கேபிளைத் தடவிக்கொண்டே போனார். ஒரு முழம் நீளம் சுவரோரமாகத் தொங்கியது. அதன் நுனியில் ரப்பர் மூடி. மூடியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தது, ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

முள் ஏறியது... இறங்கியது... ஏறியது.

கெட்டுப்போன மீட்டரின் முள் எப்படித் துடிக்கும் என்பது அத்தானுக்குத் தெரியும். இது அப்படித் துடிக்கவில்லை. ஒரு வாக்கியம்... மூச்சு... அடுத்த வாக்கியம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி, எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. பிறகு மறுபடி பேச்சு. யாரோ நிதானமாக, ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராவது இருந்தால் அப்போதே கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பார்கள். அத்தானுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று முறை மலை ஏற வைத்த திருடன் இவன்தான். ஆம்புலன்ஸ் குரலுக்குப் போக வேண்டியதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். பேயோ பிசாசோ, காலையில் விசாரித்துக்கொள்ளலாம். இப்போது தம்பிக்கு வழி வேண்டும். இதைக் கழற்றி எறிந்தே ஆக வேண்டும்.

கழற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே ஆன்டெனா என்பதால், அதில் கை வைக்கும் முன்னால் பங்காளிகள் எல்லோரையும் கேட்க வேண்டும். அத்தனை பேருடைய பேச்சும் நின்றுபோகும் இல்லையா? ஒருவர் பொறு என்றால் பொறுத்துத்தான் ஆக வேண்டும். அத்தான் ஒவ்வொரு இடமாகத் தொலைபேசியில் கூப்பிட்டார். தீயணைப்பில் சரி என்றார்கள். அவர்களிடம் அடாப்டர் விஷயத்தையும் கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டார். குடிநீரில் போனை எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், எந்த ஆன்டெனா, யார் வீட்டு ஆன்டெனா என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவதற்குள் அத்தானுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மின்சாரத்தில் முடியாது என்றுவிட்டார்கள். கம்பத்தின்மேல் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்கள் இறங்கும்வரை பேச்சு அறுபடக் கூடாது, இறங்கியதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். அதில் தப்பு சொல்லவும் வழியில்லை. அதுவும் உயிர்தானே.

அத்தான் தொலைபேசிக்கு அருகில் நின்றார். கையைப் பிசைந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று அங்கே உண்டு, அதை அவர் பார்க்கவில்லை. பார்த்தது ஐந்தாவது மீட்டரைத்தான். முள் முன்னைவிட உயரமாக ஏறிக்கொண்டிருந்தது. வாக்கியங்கள் சின்னச் சின்னதாகிவிட்டன. ஏறும்... விழும். ஏறும்... விழும். யாரையோ கூப்பிடுகிற மாதிரி. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்தில் நின்று வா, வா என்று சொல்வோமே... அந்தத் தாளம். வார்னிஷ் கருகுகிற வாடை மூக்கில் ஏறியது.

போன் அடித்தது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள், செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

அத்தான் நான்கு பெட்டிகளையும் அணைத்தார். காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அறையில் ஒரு சத்தம் இல்லை. எல்லாம் அணைந்துவிட்டது. மின்சாரமே இல்லை... ஐந்தாவது முள் மட்டும் ஏறியது, விழுந்தது.

ஐந்தாவதை மற்ற நான்கோடு கோத்த கேபிளின் நட்டில் ஸ்பேனரை மாட்டினார். நட்டு இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கி முஷ்டி டப்பாவில் இடித்தது. தோல் உரிந்தது, அது அடியால் உரிந்ததா சூட்டால் உரிந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினார். நட்டு அசைந்தது. ஒரு சுற்று... இரண்டு சுற்று... கேபிள் கழன்று வந்தபோது, டப்பாவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச வாயெடுத்தவன் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பான் பாருங்கள், அந்தச் சத்தம். முள் சுழியில் விழுந்து அடங்கியது.

அந்த இடத்தை ஒரு மூடி போட்டு அடைத்தார். ஆம்புலன்ஸ் பெட்டியைப் போட்டார். திருகை ஒரே ஒரு முறை தொட்டதும் முள் நிமிர்ந்து நின்றது. மற்ற மூன்றையும் போட்டுவிட்டார். அவர்களுக்குக் கொஞ்சம் கரகரக்கத்தான் செய்யும், காலையில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டியிலேயே ஒரு மைக் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி எடுத்தார்.

"சின்னவனே, பாலம் போச்சு. எங்க இருக்கியோ அங்கயே நில்லு. கேக்குதா? நில்லு."

கீழே இருந்து அக்காவின் குரல் வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. அவளுக்கு அவர் பேசியது கேட்கிறதாம். அந்தச் சேனலில் அன்றைக்கு ஓடிய மற்ற வண்டிகளுக்கும் கேட்கிறதாம். சின்னவன் மட்டும் பேசவில்லை. அத்தான் மறுபடி கூப்பிட்டார். அக்கா கூப்பிட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். இத்தனை பாடுபட்டு வழியைத் திறந்தால், அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை. அத்தான் மைக்கைச் சுவரில் அடிக்கப் போய், அடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

அப்போதுதான் அவர் புலம்பல் நின்றது.

கிளம்பும்போது ஐந்தாவது டப்பாவை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஜீப்பின் பின் சீட்டில் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். கோபம்தான். நாளைக்கு அதிகாரி மேஜைமேல் இதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், என் தம்பிக்கு ஏதாவது ஆகியிருந்தால் இதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்னு என்று சொல்ல வேண்டும். அந்த நினைப்பில்தான் எடுத்து வந்ததாகச் சொல்வார்.

மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு மணி நேரமும் அத்தான் வாயைத் திறக்கவில்லை. ஒற்றை வைப்பர் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. கர்ரக்... கர்ரக்.

சாலைக்கு வந்து பாலத்துப் பக்கம் திரும்பியதும், தூரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வண்டியின் பின் விளக்குகள். அசையாமல் நின்றன. கிட்டே வந்ததும் ஜீப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஆற்றுச் சேற்று வாடை முகத்தில் அடித்தது. ஆம்புலன்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் விளக்கு வெளிச்சம் நேராகப் போய்... அங்கே சாலை இல்லை. வெளிச்சம் போய் விழ ஒன்றுமே இல்லை. முன் டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

சின்னவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான். அத்தான் கதவைத் திறந்து, இன்ஜினை அணைத்து, அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, ஜீப் வரைக்கும் தரதரவென்று கொண்டுவந்து பின் சீட்டில் தள்ளினார். அதற்குப் பிறகுதான் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயல் சிரித்தபடி நன்றி சொல்வான் என்று பார்த்தால், அவன் முகத்தில் கடுப்பு.

"ஏன் அண்ணா பாதியிலே விட்டே? எவ்ளோ நேரமா உன்னைக் கூப்பிட்டுட்டு இருக்கேன்."

அத்தானுக்குப் புரியவில்லை. சேனல் நன்றாக வேலை செய்கிறதே, நானும் உன் அண்ணியும் தொண்டை கிழியக் கத்தினோமே என்றார். சின்னவன் தலையை ஆட்டினான். ஆம்புலன்ஸ் சேனல் செத்துக் கிடந்ததால், வண்டி ரேடியோவில் இருந்த குமிழைத் திருப்பிப் பார்த்தானாம். அவன் வண்டிப் பெட்டியில் இருப்பதே இரண்டு சேனல். ஒன்று ஆம்புலன்ஸ். இன்னொன்று பழைய ரோந்து சேனல், அதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் திருப்பியதும் அண்ணன் குரல் கேட்டதாம்.

"நீதான் பேசினே. எப்பவும்போல புலம்பிக்கிட்டே. மழையைத் திட்டினே, ஆபீஸைத் திட்டினே. யாரோ தீயணைப்பு ஆளு அடாப்டர் வாங்கிட்டுப் போயிட்டான்னு அவனோட ஏழு தலைமுறையையும் இழுத்தே. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

மழையும் பாதையும் ஒன்றாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் அந்தக் குரல்தான் வழி சொல்லியிருக்கிறது. இடது பக்கம் கல் சரிந்து கிடக்கிறது, ஒதுங்கி வா. இங்கே பள்ளம், மெதுவாக வா. சொன்னது சொன்னபடி இருந்திருக்கிறது. கல் இருந்தது, பள்ளம் இருந்தது. பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்குமே என்று இவன் கேட்டிருக்கிறான். பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் இப்போதுதான் தாண்டி வந்தேன், தைரியமாக வா என்று சொல்லியிருக்கிறது. கடைசியில் வெளிச்சம் எதையும் காட்டாதபோதும், வா, வா என்று அது கூப்பிடக் கூப்பிட, இவன் வண்டியை உருட்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

"'வாடா, இன்னும் ஒரு'ன்னு சொன்னே. அத்தோட பட்டுனு நின்னுபோச்சு. மூச்சை இழுத்த மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சு பிரேக்கைப் போட்டேன். அப்புறம் கூப்பிடறேன், கூப்பிடறேன், நீ வரவே இல்லை."

அத்தான் உரிந்துபோன முஷ்டியை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார். அடாப்டர் வாங்கிப் போனவனைத் திட்டியபோது அவர் கையில் மைக் இல்லை. அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

நீங்கள் ஒரு நிமிஷம் அந்த ஜன்னலைப் பார்க்காமல் இருங்கள். காற்றுதான்... கேளுங்கள்.

சின்னவன் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளப் பார்த்தவன், பக்கத்தில் ஏதோ இடிக்கவே கையை வைத்துப் பார்த்தான். வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"என்ன அண்ணா இது? அடுப்பு மாதிரி சுடுது."

ஐந்தாவது டப்பா. மலையிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. அதில் கேபிள் இல்லை, பெட்டி இல்லை, ஆன்டெனா இல்லை. அதன் நெற்றியில் இருந்த மீட்டரில் மழைத்துளி ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் முள் ஏறியது... இறங்கியது.

கதவு திறந்தபடி நின்ற ஆம்புலன்ஸுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சின்னவன் குமிழை மாற்றியிருக்கவில்லை. அத்தான் தம்பிக்கு முன்னால்தான் நின்றார், உதட்டை இறுக மூடிக்கொண்டு. ஸ்பீக்கரில் அவருடைய குரல், அலுத்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"...பத்தடிதான்டா. ரெண்டு பேரும் வாங்க."